ஞாயிற்றுக்கிழமை நண்டை நிறுத்திய கதை

எங்கள் மெஸ்ஸில் ஞாயிற்றுக்கிழமை நண்டு கிடையாது. புதன்கிழமை உண்டு, சில வாரம் சனிக்கிழமையும் உண்டு, ஞாயிறு மட்டும் கிடையவே கிடையாது. காரைக்குடியில் மெஸ் வைத்திருக்கிற யாரிடம் இதைச் சொன்னாலும் ஒரு மாதிரி பார்ப்பார்கள், ஏனென்றால் ஆறு நாள் ஓட்டத்தை அந்த ஒரு நாளில் எடுக்கிற தொழில் இது. ஆயிரம் ஜன்னல் வீடு, ஆத்தங்குடி, பிள்ளையார்பட்டி என்று சுற்றிவிட்டு வெளியூர்க் கார்கள் வாசலில் வந்து நிற்பது ஞாயிறு மதியம்தான், இறங்கியதும் கேட்பது நண்டு மசாலாதான். அதைப் போய் எதற்கு நிறுத்தினோம், அதில் என்ன நஷ்டம், என்னவெல்லாம் தெரிந்துகொண்டேன் என்று எழுதி வைக்கிறேன். நண்டு வாங்குகிற யாருக்காவது உதவும்.

மெஸ் என் மாமியார் ஆரம்பித்தது. இப்போது அடுப்படி என் பொறுப்பு, கல்லா வீட்டுக்காரர் பொறுப்பு. மாமியார் காலத்தில் நண்டு என்றால் பாதி வயல் நண்டுதான். மழைக்காலத்தில் வரப்பு வளையிலிருந்து பிடித்து வருவார்கள், இடித்துப் பிழிந்து ரசம் வைத்தால் நெஞ்சுச் சளி இறங்கிவிடும் என்பார்கள். மசாலாவுக்குத்தான் கடல் நண்டு, அது தொண்டிப் பக்கமிருந்து கூடையில் பஸ் ஏறி வரும். நான் கல்யாணமாகி வந்த புதிதில் அந்த நீலக்கால் நண்டு கிலோவுக்கு நாலு நிற்கும், மிஞ்சிப்போனால் அஞ்சு. இப்போது ஏழெட்டு வருடமாக அதே ஒரு கிலோவுக்கு எட்டு, பத்து, சில நாள் பன்னிரண்டு என்று எண்ணிக்கொண்டிருக்கிறேன். இது ஆராய்ச்சி ஒன்றும் இல்லை, எங்கள் தராசுத் தட்டில் பார்த்தது. நண்டு சிறுத்துக்கொண்டே போனது, விலை பெருத்துக்கொண்டே வந்தது.

நாலு வருடத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மலேசியாவிலிருந்து வந்திருந்த ஒரு குடும்பம், பக்கத்துக் கிராமத்தில் பூட்டியே கிடந்த தங்கள் பெரிய வீட்டைத் திறந்து சொந்தபந்தத்தை எல்லாம் கூப்பிட்டிருந்தார்கள். 45 பேருக்கு மதியச் சாப்பாடு எங்களிடம் சொல்லியிருந்தார்கள், நண்டு ரசமும் மசாலாவும் கட்டாயம் வேண்டும் என்று இரண்டு தடவை போன் வேறு. வழக்கமாகக் கொடுக்கிற ஒருவரிடம் 22 கிலோ சொல்லி வைத்தேன். காலை ஆறு மணிக்கு தெர்மாகோல் பெட்டி வந்தது.

ஐஸைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் பாதி நண்டுக்குக் கால் இல்லை. பெட்டியின் அடியில் கால்கள் தனியாக ஒரு பிடி கிடந்தன. ஓட்டைப் பிரித்தால் செவுள் இடுக்கெல்லாம் சாம்பல் நிறத்தில் சேறு, குழாயைத் திறந்துவிட்டு விரலால் தேய்த்தாலும் போகவில்லை. இன்னும் சிலது கையில் எடுத்தாலே ஓடு அமுங்கியது, உடைத்தால் தண்ணீர் வழிந்தது, சதையே இல்லை. எங்கள் அடுப்படியில் இதைத் தண்ணி நண்டு என்போம். நண்டு வளர வேண்டும் என்றால் பழைய ஓட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புது ஓடு போட வேண்டும், அது இறுகுகிற வரைக்கும் உடம்பு பூராவும் தண்ணீராகத்தான் இருக்கும். அந்தச் சமயத்தில் நண்டு மண்ணுக்குள் பதுங்கிக் கிடக்கும், இரை தேடி அலையாது, அதனால் போட்டு வைத்த வலையில் அவ்வளவாக மாட்டாது. அப்படி ஒளிந்து கிடக்கிற நண்டு ஒரே பெட்டியில் இத்தனை எப்படி வந்தது என்று அன்றைக்கு எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. பதினோரு மணிக்குள் என்ன செய்வது என்பது மட்டும்தான் மண்டைக்குள் ஓடியது.

ஒன்பது கிலோவைத் தூக்கிப் போட்டேன். மிச்சத்தை வைத்து ஒப்பேற்றினேன். சோம்பும் மிளகும் கல்பாசியும் அரைத்த தேங்காயும் சேர்ந்து மசாலாவைக் காப்பாற்றிவிட்டன, ரசம் காட்டிக்கொடுத்துவிட்டது. அந்த வீட்டுப் பெரிய ஆச்சி ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார்கள். “என்னம்மா, ஊருணி வாடை அடிக்குது” என்றார்கள். அவ்வளவுதான், வேறு எதுவும் சொல்லவில்லை. பணத்தை ஒரு ரூபாய் குறைக்காமல் எண்ணிக் கொடுத்து அனுப்பினார்கள், அதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது.

நண்டு கொடுத்தவரிடம் சண்டை போட்டேன். “எல்லாம் ஒரே கடல் நண்டுதாங்க, நேத்து போட்டு (போட்) நண்டு அப்படித்தான் இருக்கும்” என்றார். போட் நண்டு என்று ஒன்று தனியாக இருக்கிறது என்பதே எனக்கு அப்போதுதான் உறைத்தது. பத்து வருடத்துக்கு மேல் நண்டு உடைத்துக்கொண்டிருக்கிறவளுக்கு அது எப்படிப் பிடிபட்டது என்று தெரியாது. வெட்கமாக இருந்தது, சரி, போய்த்தான் பார்ப்போமே என்று அடுத்த வாரமே தேவகோட்டை, திருவாடானை வழியாகத் தொண்டிக்கு பஸ் ஏறினேன்.

தொண்டிக்குத் தெற்கே ஒரு சின்னக் கடற்கரைக் கிராமம். ஓலைக் கொட்டகைக்குக் கீழே ஆறேழு பெண்கள் வலையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நாட்டுப்படகில் போய் முந்தின நாள் சாயங்காலம் கடலடியில் விரித்து வைத்த நண்டு வலை, விடியற்காலையில் எடுத்து வந்தது. ஒவ்வொரு நண்டும் நைலான் நூலைக் கடித்துச் சுற்றிப் பின்னிக்கொண்டு கிடந்தது. ஒரு அக்கா அதைக் கழிக்கிற அழகை அரை மணி நேரம் வேடிக்கை பார்த்தேன். பெரிய கொடுக்கு இரண்டையும் ஒரு கையால் சேர்த்து அமுக்கிப் பிடித்துக்கொண்டு, பின்னங்காலிலிருந்து ஒவ்வொரு கண்ணியாக நழுவ விடுகிறார். ஒரு நண்டுக்கு ஒரு நிமிஷம், சிலதுக்கு மூணு நிமிஷம். “இழுத்தா கால் போயிரும், கால் போனா கம்பெனிக்காரன் விலையைக் குறைச்சிருவான்” என்றார். நல்ல நண்டையெல்லாம் கம்பெனிதான் எடுக்கிறது, வேகவைத்துச் சதையை எடுத்து டப்பாவில் அடைத்து அமெரிக்காவுக்கு அனுப்புகிறார்கள். நமக்குக் காரைக்குடிக்கு வருவது அதற்கப்புறம் மிஞ்சுவது.

அங்கேதான் அந்த அண்ணனைப் பார்த்தேன், இன்றைக்கு வரைக்கும் அவரிடம்தான் நண்டு வாங்குகிறேன். அவர் அன்றைக்கு வலை கழிக்கவில்லை, கழிக்க வலை இல்லை. கையில் ஒரு முழக் கயிறு, முனை பிய்ந்து பஞ்சு பஞ்சாக இருந்தது. ராத்திரி விசைப்படகு (அதுதான் அந்த போட்) ஒன்று கரைக்குப் பக்கத்தில் வந்து மடி இழுத்திருக்கிறது, அவர் விரித்து வைத்த வலை மொத்தமும் அந்த மடியோடு போய்விட்டது. கொடிக்கம்பும் இந்தக் கயிறும்தான் மிச்சம். “பரவாயில்லம்மா, உயிரோட வந்தேன்ல” என்று சிரித்தார். அந்த வலைக்கு வாங்கின கடன் இன்னும் பாக்கி என்று பக்கத்திலிருந்தவர் சொன்னார்.

மடி என்றால் என்ன என்று அவர்தான் மணலில் கோடு போட்டுக் காட்டினார். கூம்பு மாதிரி ஒரு பெரிய வலைப் பை. வாயை விரித்துப் பிடிக்க இரண்டு பக்கமும் கனமான பலகை. அடிவிளிம்பில் சங்கிலி. படகு இழுக்க இழுக்க இது கடல் தரையை உழுதுகொண்டே வரும். நண்டு பகலில் மண்ணுக்குள் கண்ணை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு புதைந்து கிடக்கிற ஜந்து. நண்டு வலை அது வெளியே வரட்டும் என்று காத்திருக்கும். மடி காத்திருக்காது, தோண்டி எடுக்கும். ஓடு கழற்றிய நண்டு, குஞ்சு நண்டு, சினை நண்டு என்று பார்க்காது, அது படுத்திருக்கிற கடல் தாழையையும் சேர்த்துப் பிடுங்கிக்கொண்டு போகும். கடல் தாழை என்பது கடலடியில் வளர்கிற புல், பாக் நீரிணையில் தண்ணீர் ஆழம் குறைவு என்பதால் அங்கே வெயில் தரைவரை இறங்கி இது நிறைய வளர்கிறது. நண்டுக் குஞ்சுக்கு அதுதான் தொட்டில். கடல்பசுவுக்கும் அதுதான் சாப்பாடு, அதற்காகத்தான் 2022இல் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் கடல்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தார்கள். என் பெட்டியில் தண்ணி நண்டும் சேறும் எப்படி வந்தன என்று அந்த மணல் படத்தைப் பார்த்தபோது புரிந்துவிட்டது.

ஒரு பக்கம் மட்டும் கேட்டுவிட்டு வரக்கூடாது என்று, இன்னொரு நாள் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் விசைப்படகு கரை பிடிக்கிற இடத்துக்கும் போனேன். எங்கள் தெருப் பையன் ஒருவன் ஜெகதாப்பட்டினத்தில் படகுக்குப் போகிறான், அவன் கூட்டிப்போனான். இறாலை முதலில் பிரித்தார்கள், அதைத் தேடித்தான் மடியே போகிறது, நண்டு கூட வருவது. பெரிய நண்டைத் தனியாகப் போட்டார்கள். கடைசியில் ஒரு குவியல் மிஞ்சியது. பெயர் தெரியாத பொடி மீன், உடைந்த சிப்பி, தாழைக் கத்தை, அதற்குள்ளே பழைய எட்டணா அகலத்துக்கு நண்டுக் குஞ்சுகள், எண்ண முடியாத அளவுக்கு. அதைச் சங்காயம் என்கிறார்கள். கோழித் தீவனத்துக்கும் மீன்தூளுக்கும் போகிறது. மண்வெட்டியால் அள்ளித்தான் பெட்டியில் போட்டார்கள். ஒரு வருடம் விட்டிருந்தால் ஒவ்வொன்றும் ஒரு தட்டு மசாலா. நான் ஒன்றைப் பொறுக்கித் திருப்பிப் பார்த்தேன், அடிவயிற்று மடிப்பு முக்கோணமாக இருந்தது, அதாவது இன்னும் பருவத்துக்கே வராத பெட்டை.

இந்த இடத்தில் சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். சட்டம் நன்றாகத்தான் சொல்கிறது. 1983ஆம் வருடத் தமிழ்நாடு கடல் மீன்பிடிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் வந்தபோதே கரையிலிருந்து 3 கடல் மைலை நாட்டுப்படகுக்காரர்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள், விசைப்படகு அதற்கு வெளியேதான் மடி போட வேண்டும். பாக் நீரிணைப் பக்கம் இன்னொரு ஏற்பாடும் இருக்கிறது, திங்கள், புதன், சனி மூன்று நாள் விசைப்படகு, மிச்ச நாலு நாள் நாட்டுப்படகு, ரெண்டு பேரும் மோதிக்கொள்ளக்கூடாது என்று. இரண்டு படகு சேர்ந்து ஒரே மடியை இழுக்கிற இரட்டைமடி கூடவே கூடாது. வருடத்துக்கு ஒரு முறை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், முன்பு 45 நாளாக இருந்தது 2017இலிருந்து 61 ஆனது. எல்லாம் காகிதத்தில் சரி. கடலில் கோடு யார் கிழிப்பது? இருட்டில் மூணாவது மைலில் ஒரு படகு விளக்கை அணைத்துவிட்டு இழுத்தால் கேட்க அங்கே யார் இருக்கிறார்கள்?

அதே சமயம் அந்தப் பையனைப் பார்த்தால் கோபமும் வரவில்லை. அவன் பங்குக்கு வேலை செய்கிறவன், மீன் வந்தால் காசு, வராவிட்டால் டீசல் செலவு போக ஒன்றும் இல்லை. படகு முதலாளிக்கும் கடன். கடலோ குறுகலானது, 1974இல் இலங்கையோடு போட்ட ஒப்பந்தத்தில் கிழித்த எல்லை கொஞ்ச தூரத்திலேயே வந்துவிடுகிறது. தாண்டினால் இலங்கைக் கடற்படை பிடிக்கிறது. அந்தப் பக்கம் யாழ்ப்பாணம், மன்னார்க்காரர்களின் வலையையும் நம் மடி அறுக்கிறது என்பதை இங்கே நாம் பேசுவதில்லை, அவர்களும் தமிழில்தான் அழுகிறார்கள். இலங்கை 2017இல் இழுவைமடியையே சட்டம் போட்டுத் தடை செய்துவிட்டது. அதே வருடம் இந்தப் பக்கம், மடியை விட்டுவிட்டு ஆழ்கடல் சூரை மீனுக்குப் போங்கள் என்று ராமேஸ்வரத்தில் ஒரு திட்டம் தொடங்கினார்கள், ஒரு படகு 80 லட்சம், அதில் 70 சதவீதம் அரசு மானியம், 20 சதவீதம் வங்கிக் கடன், 10 சதவீதம் கையிலிருந்து. எதிர்பார்த்த அளவுக்கு ஆள் வரவில்லை. ஏன் என்று அந்தப் பையனைக் கேட்டேன். “அக்கா, நாங்க சாயங்காலம் போயிட்டுக் காலைல வீட்டுக்கு வர்ற ஆளுங்க. மாசக்கணக்குல கடல்ல கெடக்க யாருக்குத் தெரியும்” என்றான். எனக்கு நியாயமாகத்தான் பட்டது. மடியைக் குறைத்தே ஆக வேண்டும், கரையோரத்திலும் தாழைப் பக்கமும் அறவே கூடாது, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் இவன் பிழைப்புக்கு வழி சொல்லாமல் தடையை மட்டும் போட்டால் இவன் ராத்திரியில்தான் வருவான்.

சரி, கடலில் நடப்பதைக் காரைக்குடியில் உட்கார்ந்துகொண்டு நான் என்ன செய்ய முடியும்? ஊருக்குத் திரும்புகிற பஸ்ஸில்தான் அந்தக் கிழமைக் கணக்கு மண்டையில் ஏறியது. சனிக்கிழமை விசைப்படகு போகிறது, ஞாயிறு விடியலில் கரைக்கு வருகிறது. நம் ஞாயிற்றுக்கிழமைப் பெட்டி அத்தனையும் மடி நண்டு! நாட்டுப்படகுக்காரர் சனிக்கிழமை சாயங்காலம் வலை விரிக்கவே மாட்டார், அறுந்து போகும் என்று பயம். செவ்வாய் சாயங்காலம் விரித்து புதன் விடியலில் எடுப்பார், வெள்ளி விரித்து சனி விடியலில் எடுப்பார். அப்படியென்றால் வலை நண்டு வேண்டும் என்றால் நாளை மாற்ற வேண்டியது நான்தான்.

வீட்டுக்காரர் ஒரு வாரம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. புதன்கிழமை யார் நண்டு சாப்பிட வருவார்கள், சனிக்கிழமை பாதிப் பேர் கவிச்சியே தொட மாட்டார்கள், புரட்டாசி வந்தால் கேட்கவே வேண்டாம். அவர் சொன்னது அப்படியே நடந்தது. முதல் மூன்று மாதம் ஞாயிறு வசூலில் கால்வாசிக்கு மேல் அடிபட்டது. நண்டு இல்லை என்றதும் எழுந்து போனவர்கள் உண்டு. அப்புறம் மெதுவாக ஒன்று நடந்தது, உள்ளூர் ஆட்கள் புதன்கிழமைக்குச் சொல்லி வைக்க ஆரம்பித்தார்கள். வங்கிக்காரர்கள் ஒரு கூட்டம், கல்லூரி வாத்தியார்கள் ஒரு கூட்டம். ஞாயிற்றுக்கு அயிரை மீன் குழம்பையும் நாட்டுக்கோழியையும் முன்னால் கொண்டுவந்தோம். பழைய வசூல் இன்னும் முழுசாகத் திரும்பவில்லை, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் கழிவு குறைந்தது பெரிய விஷயம். பத்துக் கிலோ வாங்கினால் ஒன்பதரை கிலோ சட்டிக்குப் போகிறது, முன்பு ஆறு போனாலே அதிர்ஷ்டம். கிலோவுக்கு நூறு ரூபாய் கூடக் கொடுத்தும் கணக்கு ஒத்துவருகிறது.

சந்தையில் மடி நண்டா வலை நண்டா என்று கேட்டால் யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள், நண்டையேதான் கேட்க வேண்டும். ஒரு நண்டை எடுத்து முதலில் கால்களை எண்ணுங்கள். ஒன்றிரண்டு கால் போனது வலையிலும் நடக்கும், பெட்டி முழுக்க மொண்டி நண்டாக இருந்தால் அது மடி. அப்புறம் வாய்ப் பக்கத்தை அமுக்கிப் பாருங்கள், சேற்றுத் தண்ணீர் கசிந்தால் வைத்துவிடுங்கள். ஓட்டின் அடிப்பக்கத்தைக் கட்டை விரலால் அழுத்துங்கள், உள்ளே போனால் தண்ணி நண்டு. கையில் வைத்தால் உருவத்துக்குத் தகுந்த கனம் இருக்க வேண்டும், அப்பத்தா இருந்தவரைக்கும் அமாவாசை நண்டுதான் கனக்கும், நிலா வெளிச்சத்தில் நண்டு வற்றிப்போகும் என்பார், அதை நான் தராசில் வைத்துப் பார்த்ததில்லை. பிறகு திருப்பிப் போட்டு வயிற்றைப் பாருங்கள். ஆண் நண்டுக்கு மடிப்பு கோபுரம் மாதிரி ஒடுங்கி மேலே போகும். வளர்ந்த பெட்டைக்கு அரை வட்டமாக அகலமாக இருக்கும். முக்கோணமாக இருந்தால் அது பருவத்துக்கு வராத குட்டிப் பெட்டை, அதை வாங்கவே வாங்காதீர்கள், அது ஒரு தடவைகூட முட்டை போட்டிருக்காது. நான் கண்டுபிடித்த ஒரே எளிய அளவு, கொடுக்கை விட்டுவிட்டு ஓடு மட்டும் என் நாலு விரலையும் சேர்த்து வைத்த அகலத்துக்கு மேலே இருக்க வேண்டும். அதற்குக் கீழே எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் எடுப்பதில்லை.

சினை விஷயத்தில்தான் நம் ஊரில் பெரிய குழப்பம். “சினை நண்டா போடுங்க” என்று கேட்கிறவர்கள் கேட்பது ஓட்டுக்குள்ளே ஆரஞ்சு நிறத்தில் கெட்டியாக இருக்குமே அது. அது வேறு. வயிற்று மடிப்புக்கு வெளியே கொத்தாகப் பஞ்சு மாதிரி ஒட்டிக்கொண்டு இருப்பது முட்டை, ஒரு நண்டு ஒரு தடவைக்குப் பல லட்சம் சுமக்கும். புதுசாகப் போட்டது மஞ்சளும் ஆரஞ்சுமாக இருக்கும், பொரிக்கப் போகிற சமயத்தில் சாம்பலாகிக் கறுத்துவிடும், உள்ளே குஞ்சின் கண்கள். இந்த வெளிமுட்டை நாக்கில் மணல் மாதிரி நெறுநெறுக்கும், எந்தச் சமையல்காரியும் அதைப் பிய்த்துத் தொட்டியில்தான் போடுவாள். நானும் வருடக்கணக்கில் போட்டிருக்கிறேன். எத்தனை லட்சம் என்று இப்போது நினைத்தால் சோறு இறங்காது.

முட்டை நண்டு வேண்டாம் என்று நண்டு கொடுக்கிறவர்களிடம் எல்லாம் சொன்ன ஆறாவது வாரமே ஒரு கூத்து நடந்தது. வேறொருவரிடம் அவசரத்துக்கு நாலு கிலோ வாங்கினேன், பார்த்தால் முட்டையே இல்லை, சுத்தமாக இருந்தது. எங்களிடம் பாத்திரம் தேய்க்கிற அக்கா ஒன்றைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தார். “இதைப் பிரஷ் போட்டுத் தேச்சிருக்காங்க பாருங்க” என்றார். மடிப்பைத் தூக்கினால் உள்ளே முட்டை ஒட்டுகிற மெல்லிய முடிகள் பாதி அறுந்து பிசிறு பிசிறாக நின்றன, ஓரத்தில் ரெண்டு மூணு ஆரஞ்சுப் பொட்டு. நான் வேண்டாம் என்றதால் முட்டையைத் தேய்த்து எடுத்துவிட்டுக் கொடுத்திருக்கிறார்கள். என் கட்டுப்பாடு நண்டுக்கு ஒரு உதவியும் செய்யவில்லை, பிரஷ் வாங்கின செலவுதான் ஒருத்தருக்கு மிச்சம்.

அதைவிட முட்டாள்தனம் ஒன்று நானே செய்தேன். ஒரு தடவை உயிரோடு வந்த முட்டை நண்டு மூன்றை வாளியில் உப்புத் தண்ணீர் கலந்து போட்டு, பஸ்ஸில் தொண்டிக்கே கொண்டுபோய்க் கடலில் விடப் போனேன். திருவாடானை தாண்டுவதற்குள் மூன்றும் செத்துவிட்டன. அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். “வலையில இருந்து எடுத்த உடனே, படகுலயே விட்டாத்தான் பிழைக்கும். கரைக்கு வந்துட்டா அது கறிதான்” என்றார். அப்படியென்றால் விடுங்களேன் என்றேன். “விட்டா எனக்கு யாரு காசு தருவா?”

நான் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். விடுகிற ஒவ்வொரு முட்டை நண்டுக்கும் பாதி விலை, ஒரு நண்டுக்கு நாற்பது ரூபாய் என்று பேச்சு. வீட்டுக்காரர் கேட்டார், விட்டாரா இல்லையா என்று நீ எப்படிக் கண்டுபிடிப்பாய், சும்மா பத்து என்று சொன்னால் நானூறு ரூபாய் கொடுப்பாயா என்று. நியாயமான கேள்விதான். ஆனால் அவர் பாதி நாள் “இன்னைக்கு ஒண்ணும் இல்லம்மா” என்றுதான் சொல்கிறார். ஏமாற்ற நினைக்கிறவர் அப்படிச் சொல்ல மாட்டார் என்று ஒரு கணக்கு.

நாட்டுப்படகுக்காரர்கள் எல்லாம் உத்தமர்கள் என்று நினைத்துவிடவும் வேண்டாம். நண்டு வலையிலும் முட்டை நண்டு நிறையத்தான் மாட்டுகிறது, கண்ணி சின்னதாக வைக்கிறவர்கள் உண்டு, அறுந்த வலையைக் கடலிலேயே விட்டுவிட்டு வந்தால் அது ஆள் இல்லாமலே நண்டைப் பிடித்துக் கொன்றுகொண்டிருக்கும். அந்த அண்ணனே இதைச் சொன்னவர்.

தடைக்காலம் இன்னொரு பாடம். அந்த 61 நாளும் நாட்டுப்படகு போகும், அதனால் வருவது எல்லாம் வலை நண்டு, விலை ஏறும். மெஸ்ஸில் நண்டு மசாலா விலையை அந்த இரண்டு மாதம் கூட்டிவிடுவோம், பலகையிலேயே எழுதி வைத்துவிடுவோம், ஆச்சரியமாக யாரும் பெரிதாகச் சண்டை போடவில்லை. சோதனை ஜூன் 15க்கு அப்புறம்தான். எல்லாப் படகும் ஒரே நாளில் இறங்கும், பெட்டி பெட்டியாக வந்து இறங்கும், விலை சரியும், நமக்குக் கை அரிக்கும். இரண்டு மாதம் வளர விட்டதை இரண்டு வாரத்தில் வாரிவிடுகிறார்கள்.

இதை எங்கள் ஊர் ஆட்களுக்குப் புரியவைக்க எனக்குக் கண்மாய்தான் கைகொடுத்தது. சிங்கம்புணரி, திருப்பத்தூர்ப் பக்கமெல்லாம் கண்மாயில் தண்ணீர் வற்றுகிற வரைக்கும் ஊரில் யாரும் வலை போடக்கூடாது, போட்டால் பஞ்சாயத்துதான். கோடையில் ஊர்ப் பெரியவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசினால்தான் ஊத்தாக் கூடையும் கச்சா வலையுமாக ஜனம் மொத்தமும் இறங்கும். அதற்கு முன்னால் ஒருத்தன் ராத்திரியில் ஜெனரேட்டர் போட்டு மீனை வாரினால் ஊர் சும்மா விடுமா? “கடல்லயும் அதே கதைதான், துண்டு வீசறதுக்கு முன்னாடியே இறங்கிட்டாங்க” என்று மெஸ்ஸில் ஒரு பெரியவரிடம் சொன்னேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, “கண்மாய்க்கு ஊர் இருக்கு, கடலுக்கு எந்த ஊரும்மா?” என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை, ரசம் ஊற்றினேன்.

போன ஞாயிறு சென்னை வண்டி ஒன்று வந்தது, எட்டுப் பேர். நண்டு இல்லை என்றதும் அவர்களில் ஒருவர், அடுத்த தெருவில் இருக்கிறதாமே என்று போனைப் பார்த்துச் சொன்னார், அத்தனை பேரும் எழுந்து போய்விட்டார்கள். போட்ட இலை எட்டும் தண்ணீர் தெளித்தபடியே கிடந்தன. வீட்டுக்காரர் கல்லாவிலிருந்து என்னைப் பார்த்தார், நான் சட்டியைப் பார்த்தேன்.

புதன்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கு போன் வந்தது. பின்னால் காற்றுச் சத்தம். “ஏழு கிலோ இருக்கும்மா, பஸ்ல போட்டுடுறேன். ரெண்டு விட்டிருக்கேன், ஒண்ணு கறுத்துப்போய் இருந்துச்சு, இன்னைக்கு நாளைக்குள்ள பொரிச்சிரும். கணக்குல எழுதிக்க.” அலமாரி மேலிருந்த நோட்டை எடுத்து, தேதி போட்டு, 2 என்று எழுதினேன்.